பெங்களூரிலிருந்து நாகை, நாகையிலிருந்து காங்கேசன்துறை: கப்பலேற என்னென்ன ஆவணங்கள் வேண்டும்?

அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. போன வருஷம் அம்மாவைக் கப்பலில் இலங்கைக்குக் கூட்டிப்போய் வந்தேன். அன்றிலிருந்து தெருவில் பார்ப்பவர்கள் எல்லாம் கேள்வி கேட்கிறார்கள். மர்ஃபி டவுனிலிருந்தும் ஸ்ரீராம்புரத்திலிருந்தும் போன் செய்து கேட்கிறார்கள். பாதிக் கேள்வி ஒன்றே. அதனால் எழுதி வைக்கிறேன். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: பேப்பரில் என்ன பிழை இருந்தாலும் அதை பெங்களூரிலேயே கண்டுபிடித்துவிட வேண்டும். ராத்திரி முழுக்க பஸ்ஸில் போய் விடிகாலையில் துறைமுக வாசலில் நிற்கும்போது எதையும் திருத்த முடியாது.

இந்தக் கப்பல் எங்கிருந்து எங்கே போகிறது?

நாகப்பட்டினத்தில் கடுவையாற்றின் முகத்தில் இருக்கும் துறைமுகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வடக்கே உள்ள காங்கேசன்துறைக்கு. சுமார் 110 கிலோமீட்டர், நான்கு மணி நேரத்துக்கு முன்னேபின்னே ஆகும். 2023 அக்டோபர் 14 அன்று ‘செரியபாணி’ என்ற கப்பலோடு தொடங்கியது, மழைக்காலம் வந்ததும் சில நாட்களிலேயே நின்றது. பிறகு 2024 ஆகஸ்ட் 16 முதல் ‘சிவகங்கை’ கப்பல் ஓடத் தொடங்கியது. பெரியவர்கள் ‘தனுஷ்கோடிக் கப்பலா?’ என்று கேட்பார்கள். தனுஷ்கோடி 1964 டிசம்பர் புயலில் அழிந்தது. அதற்குப் பிறகு ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்கு ஓடிய கப்பலும் 1980களில் நின்றுபோனது. இது வேறு வழி, வேறு துறைமுகம்.

பக்கத்து நாடுதானே, ஆதார் காட்டினால் விட மாட்டார்களா?

விட மாட்டார்கள். நேபாளம் போய் வந்தவர்கள்தான் இதைக் கேட்கிறார்கள். நேபாளத்துக்கும் பூட்டானுக்கும் இந்தியர் வாக்காளர் அட்டையோடு போகலாம், அது அந்த இரண்டு நாடுகளோடு உள்ள தனி ஏற்பாடு. இலங்கைக்கு பாஸ்போர்ட் கட்டாயம். விமானத்துக்கு ஒரு சட்டம், கப்பலுக்கு ஒரு சட்டம் என்று கிடையாது. ஆதாரையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அது நாகை வரைக்கும் ரயிலில் காட்டுவதற்கு.

பாஸ்போர்ட் இருக்கிறது. வேறு என்ன பார்க்க வேண்டும்?

மூன்று இடம் பாருங்கள். முதலில் காலாவதி தேதி. நீங்கள் இலங்கையில் இறங்கும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் பாக்கி இருக்க வேண்டும். மார்ச் 10 அன்று இறங்குகிறீர்கள் என்றால் செப்டம்பர் 10க்கு முன்னால் முடியும் பாஸ்போர்ட் உதவாது. இரண்டாவது, முத்திரை குத்த வெற்றுப் பக்கம். மூன்றாவது, புத்தகத்தின் உடல்நிலை: போட்டோ பக்கத்தின் பிளாஸ்டிக் உரிந்திருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா, ஈரம் பட்டு மை பரவியிருக்கிறதா.

எங்களோடு கிளம்பிய சித்தப்பா இந்த முதல் விஷயத்தில்தான் மாட்டிக்கொண்டார். அவர் பாஸ்போர்ட்டில் நான்கு மாதம் பாக்கி இருந்தது. ‘அதான் முடியலையே, இன்னும் உயிரோட இருக்கே’ என்று சொல்லிக்கொண்டே வந்தார். டிக்கெட் சரிபார்க்கும் மேஜையிலேயே நிறுத்திவிட்டார்கள். ஸ்வெட்டர், பழப்பை, யாழ்ப்பாணத்துச் சிநேகிதருக்கு வாங்கின மைசூர்பாகுப் பெட்டி எல்லாவற்றோடும் அவர் தனியாக வேளாங்கண்ணி போய் மாதாவைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். அம்மா கப்பலில் உட்கார்ந்து முதல் ஒரு மணி நேரம் பேசவே இல்லை. காலாவதிக்கு ஒரு வருஷம் இருக்கும்போதே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம் என்பது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அன்று தெரியாது.

பெங்களூரில் புதுப்பிக்க என்ன வழி? எங்கள் ஆதாரில் இன்னும் தர்மபுரி முகவரிதான் இருக்கிறது.

விண்ணப்பம் பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில். மண்டல அலுவலகம் கோரமங்களாவில் 80 அடி சாலையில் இருக்கிறது. ஆனால் நேரே அங்கே போய் வரிசையில் நிற்க வேண்டியதில்லை, இணையத்தில் நேரம் வாங்கி, கொடுக்கப்பட்ட சேவா மையத்துக்குப் போனால் போதும். பெரியவர்களுக்கு 36 பக்கப் புத்தகம் 1,500 ரூபாய். தட்காலில் அவசரமாக வேண்டுமென்றால் அதற்கு மேல் 2,000.

முகவரியில் ஏமாற்றப் பார்க்காதீர்கள். இப்போது நீங்கள் குடியிருக்கும் வீட்டைத்தான் தற்போதைய முகவரி என்று எழுத வேண்டும், போலீஸ் விசாரணை அங்கேதான் வரும். தர்மபுரி முகவரியைக் கொடுத்துவிட்டு எஜிபுராவில் குடியிருந்தால், அங்கே போன காவலர் ‘இந்த முகவரியில் ஆள் இல்லை’ என்று எழுதிவிடுவார். அதைச் சரிசெய்ய அலைவதைவிட, முதலிலேயே ஆதாரில் பெங்களூர் முகவரியை மாற்றிக்கொள்வது மேல். ஏற்கெனவே கையில் இருக்கும், செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டில் பழைய முகவரி இருப்பது கப்பலேறத் தடையில்லை. எல்லையில் அதை யாரும் கேட்பதில்லை.

இனிஷியல் குழப்பம். டிக்கெட்டில் ‘எம். ராஜேஸ்வரி’, பாஸ்போர்ட்டில் ‘ராஜேஸ்வரி முருகேசன்’. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று நான் சொல்ல மாட்டேன். தமிழர்கள் எங்கே போனாலும் இந்தப் பிரச்சினை கூடவே வருகிறது. நமக்கு இனிஷியல் என்றால் அப்பா பெயரின் முதல் எழுத்து. பள்ளிச் சான்றிதழில் அது முன்னால் நிற்கும், பான் கார்டில் விரிந்து பின்னால் நிற்கும், பெங்களூரில் எடுத்த ரேஷன் கார்டில் கன்னட எழுத்தில் வேறு மாதிரி நிற்கும். கல்யாணம் ஆன பெண்களுக்கு இன்னும் ஒரு சுற்று: வங்கிக் கணக்கில் கணவர் பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர்.

எல்லையைப் பொறுத்தவரை உங்களுக்கு ஒரே ஒரு பெயர்தான், பாஸ்போர்ட்டின் போட்டோ பக்கத்தில் அச்சாகியிருக்கும் பெயர். கப்பல் டிக்கெட், இலங்கை அனுமதி, துறைமுகத்தில் நிரப்பும் படிவம், மூன்றிலும் அதையே எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். ‘வள்ளி’யில் எத்தனை ‘எல்’, ‘லட்சுமி’க்கு ‘எக்ஸ்’ஸா ‘கேஎஸ்’ஸா என்பதெல்லாம் உங்கள் விருப்பம் இல்லை, புத்தகத்தில் உள்ளபடிதான். சுருங்கின இனிஷியலை நீங்களாக விரிக்காதீர்கள், விரிந்திருப்பதைச் சுருக்காதீர்கள். குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் அதுவும் ஒரு தகவல்தான். கப்பல் நிறுவனத்தின் முன்பதிவுப் பக்கம் காலியாக விட விடவில்லை என்றால், பணம் கட்டும் முன் அவர்களுக்குப் போன் செய்து எப்படி நிரப்புவது என்று கேளுங்கள்.

கல்யாணத்துக்காகப் பெயரை மாற்றியே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் இருந்தால் அப்பா பெயரிலேயே போய் வாருங்கள்.

டிக்கெட்டை வேறு யாரிடமாவது போடச் சொன்னால் ஆதார் படத்தை அனுப்பாதீர்கள். நான் அனுப்பினேன். ஏஜெண்ட் அதைப் பார்த்து, ஆதாரில் இருந்தபடியே அம்மா பெயரை டிக்கெட்டில் போட்டுவிட்டார். கிளம்ப ஐந்து நாள் இருக்கும்போது நான் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் வைத்து விரல்விட்டுப் படித்ததால் தப்பித்தோம்.

விசா வேண்டுமா? இந்தியருக்கு இலவசம் என்று ஒருவர் சொன்னார், இல்லை என்று இன்னொருவர் சொல்கிறார்.

இரண்டு பேரும் வேறு வேறு மாதத்தில் போனவர்களாக இருக்கும். 2023 நவம்பரில் இந்தியா உட்பட ஏழு நாட்டவருக்குக் கட்டணமில்லாமல் நுழைவு தரும் சோதனைத் திட்டத்தை இலங்கை கொண்டுவந்தது. 2024 ஏப்ரலில் விசா வேலை வெளி நிறுவனம் ஒன்றின் தளத்துக்குப் போனது. அந்த ஆண்டு ஆகஸ்டில் இலங்கை உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது, பழைய ஈ.டி.ஏ. முறை திரும்பியது. இவ்வளவு மாற்றத்துக்கு நடுவே போனவர்களிடம் கேட்டால் ஆளுக்கொரு பதில்தான் கிடைக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது ஈ.டி.ஏ. எனப்படும் மின்னணுப் பயண அனுமதிக்கு வீட்டிலிருந்தே விண்ணப்பிப்பது. சுற்றுலாவுக்கு 30 நாள் தங்கலாம். கட்டணத்தை விண்ணப்பிக்கும் அன்று அரசுத் தளத்தில் பார்த்துக் கட்டுங்கள். தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் இடைத்தரகர் பக்கங்கள். அதே எழுத்து, அதே கொடி, கட்டணம் மட்டும் பல மடங்கு. இணைய முகவரி ‘ஜிஓவி புள்ளி எல்கே’ என்று முடிகிறதா என்று பாருங்கள், அதுதான் இலங்கை அரசுடையது.

அனுமதி வந்ததும் பாஸ்போர்ட் எண்ணை ஒருமுறை ஒப்பிடுங்கள். ஓர் எண் மாறியிருந்தாலும் அது வேறொருவருடைய அனுமதி. அங்கே இறங்கி வாங்கிக்கொள்ளலாம் என்று காங்கேசன்துறையை நம்பிப் போகாதீர்கள், நாகையில் ஏறும்போதே கேட்பார்கள். வேலைக்கோ வியாபாரத்துக்கோ போகிறவர் சுற்றுலா அனுமதியில் போகக் கூடாது, அதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது.

கைக்குழந்தைக்கும் பாஸ்போர்ட்டா?

ஆமாம். பிறந்து ஒரு மாதக் குழந்தைக்கும் தனிப் புத்தகம், தனி ஈ.டி.ஏ. அம்மா பாஸ்போர்ட்டில் குழந்தை பெயர் சேர்க்கும் காலம் போய்விட்டது. கட்டணம் 1,000 ரூபாய். சிறுவர் பாஸ்போர்ட் ஐந்து வருஷத்துக்குத்தான் செல்லும், அதனால் தேதியைப் பாருங்கள். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த பிள்ளைகளுக்குப் பிறந்த தேதிச் சான்றாகப் பிறப்புச் சான்றிதழ் மட்டும்தான் ஏற்கப்படும். அப்பா, அம்மா இரண்டு பேரில் ஒருவரோடு மட்டும் பிள்ளை பயணம் செய்தால், மற்றவர் சம்மதம் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கிய கடிதம் ஒன்று கையில் இருக்கட்டும். தாத்தா பாட்டியோடு அனுப்பினால் இரண்டு பேர் கடிதமும் வேண்டும். எங்களுக்கு அதைக் கேட்கவில்லை, ஆனாலும் இதை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பாஸ்போர்ட்டில் ‘ஈ.சி.ஆர்.’ என்று இருக்கிறது. நிறுத்துவார்களா?

மாட்டார்கள். பத்தாவது முடிக்காதவர்கள் சில நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும் என்பதற்கான குறி அது. அந்த நாடுகளின் பட்டியலில் வளைகுடா நாடுகளும் மலேசியாவும் உண்டு, இலங்கை இல்லை.

அம்மா பிறந்தது இலங்கை மலையகத்தில். அவருக்கு இந்திய பாஸ்போர்ட் கிடைக்குமா? அங்கே போனால் ஏதாவது கேட்பார்களா?

எங்கள் அம்மா கதையும் இதுதான். ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. அந்தக் கணக்கில் வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கும்போது அம்மாவுக்கு ஒன்பது வயது. சிலரைத் தமிழ்நாட்டில் குடியேற்றினார்கள், சிலர் கர்நாடகத்தில் சுள்ளியா, புத்தூர் பக்கத்து ரப்பர் தோட்டங்களுக்குப் போனார்கள். எங்கள் தாத்தா கடைசியில் பெங்களூருக்கு வந்து சேர்ந்தார்.

இப்படி வந்தவர்கள் இந்தியக் குடிமக்களாகப் பதிவு செய்யப்பட்டவர்கள். பாஸ்போர்ட் வாங்க முழு உரிமை உண்டு. ஆனால் பிறந்த இடம் வெளிநாடு என்பதால், குடியுரிமைக்கு என்ன சான்று என்று கேட்பார்கள். அப்போது ஆதாரும் வாக்காளர் அட்டையும் போதாது. கண்டியில் இந்தியத் தூதரகம் கொடுத்த அந்தக் காலத்து இந்திய பாஸ்போர்ட், குடியுரிமைப் பதிவுச் சான்றிதழ், தாயகம் திரும்பிய குடும்பங்களுக்குக் கொடுத்த ஃபேமிலி கார்டு (ரேஷன் கார்டு இல்லை), இவற்றில் எது வீட்டில் இருக்கிறதோ அதைத் தேடி எடுங்கள். குடும்பத் தலைவர் பெயரில் இருக்கும், பிள்ளைகள் பெயர் உள்ளே வரிசையாக இருக்கும். எங்கள் வீட்டில் அது பித்தளைக் குத்துவிளக்கு சுற்றிவைத்திருந்த பழைய புடவைக்குள் இருந்தது. ஓரம் அரித்திருந்தாலும், எட்டுப் பேர் நெருக்கி நிற்கும் போட்டோவில் இரட்டைப் பின்னல் போட்ட அம்மா முகம் தெளிவாக இருந்தது. அதை லேமினேட் செய்யாதீர்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டு அசலையும் இரண்டு ஜெராக்ஸையும் கொண்டுபோங்கள். பெயர் எழுத்து இன்றைய ஆதாரோடு பொருந்தாவிட்டால், இரண்டும் ஒரே ஆள் என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதித் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

காங்கேசன்துறையில் அம்மாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள். பிறந்த இடம் என்ற வரியைப் பார்த்த அதிகாரி, ‘அம்மா, சொந்த ஊரையோ பாக்கப் போறீங்க?’ என்று தமிழில் கேட்டார். ‘ஆமாங்கய்யா, லயத்தைப் பாக்கணும்’ என்றார் அம்மா. லயம் என்றால் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடு. முத்திரை விழுந்தது. இந்திய பாஸ்போர்ட்டில் போகிற நீங்கள் இந்தியப் பயணிதான், அதனால் ஈ.டி.ஏ. உங்களுக்கும் கட்டாயம். அங்கே பிறந்ததால் விலக்கு இல்லை.

பிள்ளை அமெரிக்காவில் பிறந்தவன். இப்போது நாங்கள் பெங்களூரில் இருக்கிறோம்.

பிள்ளைக்கு அமெரிக்க பாஸ்போர்ட்டில் ஈ.டி.ஏ. எடுங்கள், அந்த நாட்டுக்கான கட்டணத்தில். திரும்பி வருவதற்கு ஓ.சி.ஐ. அட்டையின் (இந்திய வம்சாவளியில் வந்த வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்தியா கொடுக்கும் அட்டை) அசல் கட்டாயம். அதை வீட்டு பீரோவில் விட்டுவிட்டுப் போனால் திரும்பும்போது கப்பலில் ஏற்ற மாட்டார்கள். பாஸ்போர்ட் மாறியிருந்தால் பழைய பாஸ்போர்ட்டையும் சேர்த்து வையுங்கள். மாணவர் விசாவில் இங்கே படிக்கும் இலங்கைப் பிள்ளைகள், தங்கள் விசா பலமுறை நுழைவுக்கானதா என்று பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் போட வேண்டும். பதிவில் சந்தேகம் இருந்தால் சாந்திநகர் பஸ் நிலையக் கட்டடத்தில் உள்ள வெளிநாட்டினர் பதிவு அலுவலகம்தான் இடம். இ-விசாவில் இந்தியா வர நினைக்கும் உறவினருக்கு இன்னொரு கவனம்: இ-விசாவை எல்லாத் துறைமுகங்களிலும் ஏற்பதில்லை. இந்திய விசாத் தளத்தின் பட்டியலில் நாகை இருக்கிறதா என்று பார்த்த பிறகே கப்பலைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

துறைமுகத்தில் என்ன நடக்கும்?

டிக்கெட், பாஸ்போர்ட், ஈ.டி.ஏ. மூன்றையும் முதலில் கப்பல் நிறுவனத்தார் பார்ப்பார்கள். பெட்டி எடை போடுவார்கள். பிறகு குடிநுழைவு, சுங்கம், பாதுகாப்புச் சோதனை. விமானத்தில் போய்ப் பழகியவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 2017 ஜூலை 1 முதல் இந்தியர்கள் விமானத்தில் வெளிநாடு போகும்போது புறப்பாட்டுப் படிவம் நிரப்ப வேண்டாம் என்றார்கள். கடல்வழிக்கும் தரைவழிக்கும் அந்தச் சலுகை தரவில்லை. அதனால் பேனா கொண்டுபோங்கள். ஒரு பேனாவுக்குப் பத்துப் பேர் காத்திருப்பதைப் பார்த்தேன். பாஸ்போர்ட் எண், கொடுத்த தேதி, இலங்கையில் தங்கும் முகவரி மூன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் பெரிய எழுத்தில் எழுதி, பெரியவர்கள் சட்டைப்பையில் வையுங்கள்.

பணம், நகை, மருந்து?

இந்திய நோட்டாக ஆளுக்கு 25,000 ரூபாய் வரை கையில் கொண்டுபோகலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் அங்கீகாரம் பெற்ற இடத்தில் டாலர் வாங்கி, ரசீதையும் வைத்திருங்கள். 2024 பிப்ரவரி 12 முதல் இலங்கையில் யு.பி.ஐ. உண்டு, ஆனால் எல்லாக் கடையிலும் எதிர்பார்க்காதீர்கள்.

நகையைக் குறைத்துப் போடுங்கள். கல்யாணத்துக்குப் போகிறோம், போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், கிளம்பும்போதே நாகைச் சுங்க அதிகாரியிடம் காட்டி, இவை இங்கிருந்து கொண்டுபோனவை என்று ஏற்றுமதிச் சான்று வாங்குங்கள். திரும்பும்போது ‘இது அங்கே வாங்கியதா?’ என்ற கேள்விக்கு அந்தக் காகிதம்தான் பதில். மருந்தை அட்டையோடு, டாக்டர் சீட்டோடு கொண்டுபோங்கள். மாத்திரைகளைப் பிரித்து டப்பாவில் கொட்டி எடுத்துப் போகாதீர்கள்.

எல்லாம் போனில் இருக்கிறதே, காகிதம் எதற்கு?

பாஸ்போர்ட்டுக்குப் போன் படம் ஈடாகாது, அசல் புத்தகம் வேண்டும். மற்றவற்றை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும் இடத்தில் நம் சிம் வேலை செய்யும் என்று எண்ண வேண்டாம்.

அங்கே பாஸ்போர்ட் தொலைந்தால்?

யாழ்ப்பாணத்திலேயே இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது, 2010 முதல் இயங்குகிறது. முதலில் பக்கத்துப் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு கொடுத்து நகல் வாங்குங்கள். அதோடு பாஸ்போர்ட் ஜெராக்ஸ், இரண்டு போட்டோ எடுத்துக்கொண்டு தூதரகம் போனால், இந்தியா திரும்ப மட்டும் உதவும் அவசரச் சான்றிதழ் கிடைக்கும். ஜெராக்ஸை அசல் இருக்கும் பையிலேயே வைக்காதீர்கள், இரண்டும் சேர்ந்து போய்விடும்.

கப்பல் திடீரென்று ரத்தானால்?

ஆகும். வங்கக் கடலில் காற்று எழுந்தால் கப்பல் எடுக்க மாட்டார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் சேவையே நிற்பது வழக்கம், 2024 நவம்பரில் நின்றது 2025 பிப்ரவரி கடைசியில்தான் திரும்பத் தொடங்கியது. ஆகவே 30 நாள் அனுமதியில் இருபத்தொன்பதாம் நாளுக்குத் திரும்பும் டிக்கெட் போடாதீர்கள். ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள். கப்பலில் போனவர் கப்பலில்தான் திரும்ப வேண்டும் என்றில்லை, அவசரமென்றால் யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கோ கொழும்பிலிருந்து பெங்களூருக்கோ விமானத்தில் வரலாம். நாங்கள் போனபோது ஒரு நாள் தள்ளிப்போனது. அந்த ஒரு நாளில் அம்மா நல்லூர்க் கோயிலை இரண்டாவது முறை பார்த்தார். நான் விடுதி வரவேற்பறையில் உட்கார்ந்து, எல்லாருடைய அனுமதியிலும் கடைசித் தேதியை இன்னொரு முறை எண்ணினேன்.